இடது காதுக்குள் இறங்கிய கமரா

என் வீட்டுக்காரரின் இடது காது கேளாது என்பது புளியங்கூடலில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. அவரைக் கேட்டால், ஊர்ச்சனம் வரவர வாய்க்குள்ளே பேசப் பழகிவிட்டது என்பார். கலியாண வீட்டுப் பந்தியில் இடது ஓரத்துக் கடைசி இலையைத் தேடிப்பிடித்து உட்காருவார். அப்படி இருந்தால் மற்றவர்கள் எல்லோரும் அவருடைய வலப்பக்கத்தில் வந்துவிடுவார்கள் அல்லவா? ஏன் அங்கே போய் இருக்கிறீர்கள் என்று கேட்டால், அங்கேதான் காற்று வருகிறது என்பார்.

நான் இடப்பக்கத்து ஆள். தாலி கட்டிய கையோடு அந்தப் பக்கம் கொண்டுவந்து இருத்தினார்கள், அன்றிலிருந்து அங்கேதான். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக இருந்தாலும் என் வாய் அவருடைய இடது காதுக்குத்தான் நேராக வரும். சந்தைக்குப் போகும் வழியெல்லாம் என்னென்ன வாங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு, "என்ன வாங்கவேணும்?" என்று புதிதாகக் கேட்பார். எத்தனை நாளைக்குத்தான் கோபப்படுவது? போகப்போக எனக்கு அதுவே வசதியாகிவிட்டது. அவருடைய அக்காவைப் பற்றியும், அவர் போடத் தெரிந்தெடுக்கும் சேட்டுகளைப் பற்றியும் எனக்குள்ள அபிப்பிராயம் முழுவதையும் அந்தக் காதுக்குப் பக்கத்தில் வைத்தே முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்வேன். மனம் லேசாகும், வீட்டில் சண்டையும் இல்லை.

இவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது வெங்காயத் தோட்டமும் ஒரு பசுவும் உண்டு. ஆனால் ஊரில் இவருக்கு மதிப்பு வந்தது இவை ஒன்றினாலும் அல்ல. எங்கள் கோயிலில் புராணப் படிப்பு நடக்கும் காலத்தில், ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், இன்னொருவர் அதற்குப் பொருளை விரித்துச் சொல்வார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். இவர்தான் பயன் சொல்பவர். குரல் நல்ல கணீரென்ற குரல். சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாரென்றால் தேவர்களும் அசுரர்களும் எங்கள் கோயில் மண்டபத்துக்கே இறங்கி வந்துவிடுவார்கள். "நான் பயன் சொல்லத் தொடங்கினால் சனம் மூச்சு விடுற சத்தங்கூடக் கேளாது" என்று பெருமையாகச் சொல்வார்.

அது உண்மைதான். அவருக்குக் கேளாது. ஏனென்றால் பெண்கள் இருக்கும் பக்கம் அவருடைய இடப்பக்கம்.

அங்கே நடப்பதை எழுதினால் என்னைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். யாருடைய மகனுக்கு விசா சரிவந்தது, யாருடைய மருமகள் சமைக்கிறாள் இல்லை, வேலணையில் எந்தக் கடையில் சீலை நன்றாக இருக்கிறது என்று எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். நானும் கதைப்பேன். வருடா வருடம் அதே கதை, அதே பயன். அசுரன் எப்படியும் தோற்கத்தான் போகிறான் என்று தெரிந்த பிறகு, பக்கத்தில் இருப்பவளுடைய மகளின் சம்பந்தம் என்னவாயிற்று என்பதுதானே தெரிய வேண்டியது?

படிப்பவரும் அவருடைய இடப்பக்கத்தில்தான் இருப்பார். அது பழைய ஒழுங்கு. இடத்தை மாற்றிக் கேட்டால் காதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று இவர் கேட்கவில்லை. பாட்டெல்லாம் இவருக்கு மனப்பாடம் என்பதால், படிப்பவரின் வாயைக் கடைக்கண்ணால் பார்த்திருந்து, அது மூடினதும் இவர் தொடங்குவார். ஒருநாள் படிப்பவர் தொண்டை வறண்டு, பாட்டின் நடுவில் நிறுத்தித் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். வாய் மூடியதைக் கண்டதும் எங்கள் ஆள் தொடங்கிவிட்டார். படித்த பாதிக்கும் படிக்காத பாதிக்கும் சேர்த்துப் பயன் சொல்லி முடித்தார். படிப்பவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு மிச்சப் பாதியைப் படித்தார். இவர் அதற்கு இன்னொருமுறை பயன் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. பயன் சொல்பவரைத் திருத்துவது எங்கள் ஊரில் பழக்கமில்லை. சிரிப்பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் சிரித்தார்கள்.

அந்தக் காது இப்படியே கௌரவமாகக் கேளாமல் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதிலிருந்து கெட்ட மணத்தோடு நீர் வடியத் தொடங்கியது. பஞ்சை அடைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் காலையில் தோட்டத்தில் தலை சுற்றி, வெங்காயப் பாத்திக்குள்ளேயே இருந்துவிட்டார். நான் ஓடிப்போனபோது, களை பிடுங்குவதாகச் சொன்னார். கையில் இருந்தது வெங்காயம். அன்றைக்கே பிரான்சில் இருக்கும் மகளுக்குச் சொன்னேன். அவள் அழுதாள். நான் சொல்லி அசையாத மனிதர் மகள் அழுததும் யாழ்ப்பாணம் போக ஓமென்றார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காதுக்குள் கமராவை விட்டுப் பார்க்கிற புதிய டொக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். கமரா என்ற சொல்தான் எல்லாவற்றையும் குழப்பியது. போகிற நாள் சனிக்கிழமை. காலையில் எழும்பி நல்லெண்ணெய் வைத்து முழுகினார். மீசைக்கு மை பூசினார். சலவை வேட்டி, சந்தனப் பொட்டு. படம் எடுக்கப் போகிறார்களாம், ஊத்தையாகப் போகலாமோ என்று என்னைக் கேட்டார். சனி முழுக்கென்றால் தலைக்கு வைத்து, கண்ணுக்கு ஒரு துளி, காதுக்கு ஒரு துளி விடுவதுதான் எங்கள் பழக்கம். வருத்தமான காது என்பதால் அதற்கு ஒரு துளியோடு நிறுத்தாமல் தாராளமாக விட்டிருக்கிறார்.

டொக்டர் இளம்பெண். மெல்லிய நீளக் கம்பி ஒன்றைக் கையில் எடுத்தார். பேனைக் குச்சியிலும் மெல்லியது, அதன் நுனியில் வெளிச்சம். அதை இவருடைய காதுக்குள் வைத்ததும் எதிரே இருந்த பெரிய திரையில் காதின் உள்பக்கம் தெரிய வேண்டும். தெரிந்ததோ தங்க நிறத்தில் ஒரு தகதகப்பு. கார்த்திகை விளக்கீட்டு அகல் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தமாதிரி இருந்தது. டொக்டர் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நல்லெண்ணெயோ?" என்று கேட்டார்.

"ஓம் பிள்ளை, வீட்டிலை ஆட்டுவிச்ச எண்ணெய்" என்றார் இவர். தரத்தைத்தான் கேட்கிறாராக்கும் என்று நினைத்துவிட்டார்.

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சின்னக் குழாயால் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். அதற்குள் இவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். பிள்ளைக்கு எந்த ஊர், தகப்பனார் யார், தாய்வழி எந்தப் பக்கம்? காதுக்குள் கம்பி நிற்கிறது, ஆளுக்கோ டொக்டரின் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும். தாயைப் பெற்ற பேரன் புங்குடுதீவு என்று தெரிந்ததும், அப்படியென்றால் சரி, பாருங்கோ என்று அனுமதி கொடுத்தார்.

பிறகு திரையில் வந்ததை நான் மறக்கமாட்டேன். இளஞ்சிவப்பாக ஒரு குகை. அதன் மூலையில் கிழிந்த சவ்வு. கிழிசலுக்குள்ளே வெள்ளை வெளேரென்று, முத்துப் போல ஒரு கட்டி. ஒரு மனிதரோடு இத்தனை காலம் வாழ்ந்துவிட்டு, அவருடைய தலைக்குள் இப்படி ஒரு இடம் இருந்ததென்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் சொன்னதெல்லாம் போய் மோதித் திரும்பிய சுவர் இதுதானா என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். இவர் தன் காதைப் பார்த்து, "வடிவாய்த்தான் இருக்கு" என்றார்.

வடிவான அந்த முத்துத்தான் வில்லங்கம் என்று டொக்டர் விளக்கினார். அது இருக்கக்கூடாத இடத்தில் வளர்ந்த தோல். மெல்ல மெல்லப் பக்கத்து எலும்பைத் தின்னும். கேட்கும் எலும்புகளில் ஒன்றைத் தின்று முடித்துவிட்டது. விட்டால் மூளைப்பக்கம் போகும், அதனால் எடுக்கத்தான் வேண்டும். பிறகு திரையில் இன்னோர் இடத்தை விரலால் காட்டினார். முகத்தை அசைக்கிற நரம்பு இதற்குப் பக்கத்தால்தான் ஓடுகிறது, கட்டி அதை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும், எடுக்கும்போது அதில் பட்டுவிட்டால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்றார்.

இவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, வாயைத் தடவிக்கொண்டார். காரணம் எனக்குத் தெரியும். இவருடைய அண்ணர் தெற்கில் கடை வைத்திருந்தவர். அங்கே அந்தக் காலத்தில் காதில் ஒப்பரேசன் செய்து, தலையைச் சுற்றிக் கட்டோடு ஊருக்கு வந்தார். கட்டை அவிழ்த்தபோது வாய் கோணியிருந்தது. நல்ல பகிடிக்காரர், சபையையே சிரிக்கவைத்தவர். அதன்பிறகு சபைக்கு வரமாட்டார், தேத்தண்ணீர் குடிப்பதென்றாலும் சால்வையால் வாயை மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். சாகும்வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

வீடு திரும்பும் பஸ் பண்ணைப் பாலத்தால் ஓடிக்கொண்டிருந்தபோது இவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "காது போனாலும் நான் பயன் சொல்லுவன். வாய் போனால் என்னெண்டு சொல்லுறது? ஒப்பரேசன் வேண்டாம்." நான் அப்போது அவருடைய வலப்பக்கத்தில் இருந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தமுறை தனியே போய் டொக்டரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்து, கடைசியில் இவரையே இழுத்துக்கொண்டு போனேன். அண்ணரின் கதை முழுவதையும் இவரை வைத்துக்கொண்டே சொன்னேன். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலத்தில் காதுக்குப் பின்னால் வெட்டி, எலும்பைக் குடைந்து, வெளியே நின்று பூதக்கண்ணாடிக்குள்ளால் நேரே தெரிகிறதை மட்டும் பார்ப்பார்கள், மூலைக்குள் இருப்பது தெரியாது என்றார். இப்போது கண் உள்ளேயே போகிறது. வெட்டாமல் காதின் துவாரத்தாலேயே கமராவை இறக்கலாம், நுனியில் சரிந்த கண்ணாடி இருப்பதால் வளைவுக்கு அந்தப் பக்கமும் தெரியும், நரம்பைத் திரையில் கையளவு பெரிதாகப் பார்த்துக்கொண்டே கட்டியைப் பிரிக்கலாம் என்றார். ஆனாலும் ஒன்றும் நடக்காது என்று கையடித்துச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். அதைச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கிணற்றுக்குள் வாளி விழுந்தால் கிணற்றுக்கட்டின்மேல் நின்று எட்டிப் பார்ப்பதற்கும், கயிற்றில் ரோச் லைற்றைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது என்று நான் இவருக்குச் சொன்னேன். பாதாளக்கரண்டி போட்டு வாளி எடுத்த அனுபவம் இவருக்கு நிறைய உண்டு. யோசித்தார். கரண்டி சுவரில் பட்டுக் கல் விழுந்த நாளும் உண்டே என்றார். பிறகு, சரி என்றார். ஏன் சரி என்றார் என்று இன்றுவரை தெரியாது. மகளின் அழுகையோ, என் கிணறோ, புங்குடுதீவுப் பேரனோ.

ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு நான் வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே அவர்கள் எல்லோரும் இந்த மனிதரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பது நினைக்கவே ஒருமாதிரி இருந்தது. கையைப் பார்க்காமல் காய் வெட்டுகிறவளைக் கண்டால்கூட எனக்குப் பயம். நேரம் போகவில்லை. எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் பாதிப்பாதியாக வந்தது. நயினாதீவு அம்மனிடம் நேர்த்தி வைக்கப்போய், எதைக் கேட்பது என்று தடுமாறினேன். காதைக் கேட்பதா, வாயைக் கேட்பதா? கடைசியில் நான் கேட்டது இரண்டையும் அல்ல. அதை இவருக்குச் சொல்லவில்லை.

மயக்கம் தெளிந்ததும் டொக்டர் வந்து இவருக்கு முன்னால் குனிந்து நின்று, "ஐயா, பல்லைக் காட்டுங்கோ" என்றார். கலியாணப் படத்தில்கூடச் சிரிக்காத மனிதர். முறைத்துப் பார்த்தார். டொக்டர் இன்னொருமுறை சொன்னதும் ஈயென்று காட்டினார். இரண்டு பக்கமும் ஒரேயளவு. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார். எல்லாம் சரி. நரம்பு திரையில் தெளிவாகத் தெரிந்ததாம், கட்டி அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்ததாம், மெதுவாகப் பிரித்தெடுத்தாராம், போன எலும்புக்குப் பதிலாகச் சின்னதாக ஒன்றையும் வைத்தாராம். நான் சிரித்தேனோ அழுதேனோ, இரண்டும் ஒன்றாக வந்தது. "என்னத்துக்கு இளிக்கிறீர்?" என்று கேட்டார் இவர். பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது அவர்.

பிந்தியும் நரம்பு சோர்ந்து வாய் இழுக்கலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அது எனக்குப் போதும். காலையில் தேத்தண்ணீரைக் கொடுக்குமுன் "பல்லைக் காட்டுங்கோ" என்பேன். காட்டினால்தான் தேத்தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏதோ புதுப் பிரியம் தொடங்கியிருப்பதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறா. இவரோ டொக்டர் கொடுத்த காதுப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கெல்லாம் காட்டித் திரிந்தார். பக்கத்து ஊரான சுருவிலில் ஒருவர் அது சிவந்த கொய்யாப்பழம் என்று நினைத்து, எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று கேட்டாராம்.

உள்ளே வைத்த பஞ்சு எடுத்து, காயம் ஆறி, சில மாதங்களில் அந்தக் காது கேட்கத் தொடங்கியது. முழுவதும் இல்லை. ஆனாலும் கேட்டது. முதலில் கேட்டது எங்கள் குளிர்சாதனப் பெட்டியை. அது பழுதாகி இரைகிறது என்று திருத்துகிற ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அது வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இரைகிறது என்று அந்த ஆளுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. சட்டி வைக்கிற சத்தம் கூடிப்போயிற்றென்றார், காகம் கூடிப்போயிற்றென்றார். நான் வாயைக் காக்கத் தொடங்கினேன். அவருடைய அக்காவைப் பற்றிய அபிப்பிராயங்களை மாட்டுக்கொட்டிலில் வைத்துச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடத்துப் புராணப் படிப்பு தொடங்கியது. கோயிலில் போய் இருந்ததும் எனக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவும் மற்றப் பெண்களும் ஒப்பரேசன் கதையைக் கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க ஏலுமா? படிப்பவர் பாட்டைப் படித்து முடிக்க, இவர் பயன் சொல்லத் தொடங்கினார். குரல் அதே கணீர். ஆனால் இடைக்கிடை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். மின்விசிறி சத்தம் போடுகிறதாக்கும் என்று நினைத்தேன். எண்ணெய், முத்து, திரை என்று நான் சொல்லிக்கொண்டே போய், தியேட்டருக்கு வெளியே கதிரையில் இருந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அம்மனிடம் என்ன கேட்டனீ என்று அக்கா கேட்டா. சொன்னேன்.

அப்போதுதான் இவர் நின்றார். அசுரன் தேரில் ஏறுகிற இடம். ஒரு கால் தேரில், ஒரு கால் நிலத்தில், அப்படியே விட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் இவர் பயன் நடுவில் நின்றதில்லை. படிப்பவர் புத்தகத்தைப் பார்த்தார். ஐயர் எட்டிப் பார்த்தார். இவருடைய வாய் பாதி திறந்து, ஒரு பக்கம் கொஞ்சம் கோணினமாதிரி எனக்குத் தெரிந்தது. அண்ணரின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. நான் எழும்பி நின்றுவிட்டேன். கோயில், சபை ஒன்றும் நினைவில்லை.

"இஞ்சருங்கோ, பல்லைக் காட்டுங்கோ" என்று கத்தினேன்.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார். பிறகு காட்டினார். டொக்டருக்குக் காட்டினதுபோல அல்ல. ஆறுதலாக, கண் வரைக்கும் போன சிரிப்பு. இரண்டு பக்கமும் ஒரேயளவு. பிறகு சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, அசுரனைத் தேரில் ஏற்றினார். நான் இருந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கேட்டேன், ஏன் நின்றீர்கள், வாய் இழுத்ததோ என்று. அவர் பாதையைப் பார்த்தே ஓட்டினார். பழையபடி கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். வயல்வெளிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"கோயிலுக்குள்ளை சந்தையெல்லோ நடக்குது. எந்தநாளும் இப்பிடியோ?"

ஓம் என்றேன். மறைத்து என்ன செய்வது?

"அதிலையும் உம்மடை சத்தம்தான் மேலாலை" என்றார். கொஞ்சத்தூரம் போனபிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாய் கோணினாலும் பரவாயில்லை, காது கேளாட்டிலும் பரவாயில்லை, ஆளைத் தந்தால் போதும் எண்டு அம்மாளிட்டைக் கேட்டனீராம். அது கேட்டது எனக்கு."

நான் சீலைத் தலைப்பைச் சில்லில் சிக்காமல் இழுத்து மடியில் வைத்தேன்.

"இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்திலை இருந்து என்னென்னவெல்லாம் சொன்னீரோ" என்றார்.

சேட்டுகளையும் அவருடைய அக்காவையும் நினைத்துக்கொண்டேன். என் வாய் அவருடைய இடது காதுக்கு நேரே இருந்தது. அந்தக் காது காத்துக்கொண்டிருந்தது.